செராமிக் ரெசிடென்சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் அமெரிக்காவில் கோடைக்காலத்தில் நடக்கும் செராமிக் ரெசிடென்சிகளைப் பற்றியும் (மண்பாண்டக் கலைஞர்கள் இரண்டு வாரமோ கூடுதலாகவோ ஓரிடத்தில் தங்கி வேலை செய்வது), அவற்றில் வெள்ளையரல்லாத கலைஞர்களுக்கென்று ஒதுக்கப்படும் உதவித்தொகைகளைப் பற்றியும் சுருக்கமாக எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் "எப்படிப் போவது" என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் "இதெல்லாம் எதற்கு" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி வாசகி): நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டூடியோவில் பானை வனையும் சக்கரத்தில் உட்காருவேன், சில வருடங்களாக. மேய்ன் மாநிலத்தில் உள்ள வாட்டர்ஷெட் என்ற செராமிக் மையம் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த உதவித்தொகைக் கணக்கில் இந்தியப் பெண்ணான நான் வருவேனா? நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்கு விண்ணப்பிப்பது சரியா?

வருவீர்கள். அமெரிக்கக் கலை அமைப்புகள் வெள்ளையரல்லாத கலைஞர்கள் என்று சொல்லும்போது கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள், ஆசியர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆசியர் என்றால் தெற்காசியரும் அடக்கம். வாட்டர்ஷெட்டில் ஜெனோபியா விருது என்று ஒன்று உண்டு, கோடை ரெசிடென்சிக்கு வரும் வெள்ளையரல்லாத கலைஞர்களுக்கானது. தொகை எவ்வளவு, எத்தனை பேருக்கு, கடைசித் தேதி என்ன என்பதையெல்லாம் அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எழுதுவதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்காதீர்கள்.

சம்பளம் பற்றிக் கேட்டீர்களே, அது எனக்குப் பிடித்தது, யாரும் கேட்பதில்லை. இந்த உதவிகளில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று பணத்தேவையைப் பார்த்துக் கொடுப்பது, இன்னொன்று வேலையின் தரத்தைப் பார்த்துக் கொடுப்பது. முதல் வகையாக இருந்தால் உங்களுக்கே பதில் தெரியும், பணம் கட்டிச் சேரும் சாதாரண இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, சம்பளமில்லாத விடுப்பு எடுத்தால் வாடகை கட்ட முடியாத யாரோ ஒரு பள்ளிக்கூட ஓவிய ஆசிரியைக்கு அதை விட்டுக்கொடுங்கள். இரண்டாவது வகையாக இருந்தால் தயங்கவே தேவையில்லை, அது ஒரு விருது, சம்பளச் சீட்டைக் கேட்காத விருது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி வேலை விசாவிலோ, அப்படி வந்தவரின் குடும்பத்தாருக்கான எச்4 விசாவிலோ இருந்தால், கையில் பணமாக வரும் எதையும், அங்கே செய்த பானையை விற்பதையும் சேர்த்து, ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது வேறு, காசோலை எழுதிக் கொடுப்பது வேறு. அப்புறம், பட்டப்படிப்பில் இல்லாதவருக்குக் கொடுக்கப்படும் உதவித்தொகை அமெரிக்காவில் வரிக்கு உட்பட்ட வருமானம். வரிக் கணக்குக் கொடுக்கும் ஏப்ரலில் முழிக்காதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ரெசிடென்சி என்றால் வகுப்பா, முகாமா? அங்கே போய் என்னதான் செய்வார்கள்? இரண்டு வாரத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

வகுப்பு இல்லை. வாத்தியார் இல்லை, பாடத்திட்டம் இல்லை, சான்றிதழ் கொடுத்தாலும் சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. தங்க இடம், வேலை செய்ய மேசை, மண், சூளை, மூன்று வேளை சாப்பாடு, கூட இருக்க இன்னும் கொஞ்சம் பைத்தியங்கள். அவ்வளவுதான். "அவ்வளவுதானா" என்று கேட்பவர்கள், அடுப்பு, அலுவலகம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம் மூன்றுக்கும் நடுவே மண்ணைப் பிசைந்து பார்த்ததில்லை.

வாட்டர்ஷெட் 1986-இல் தொடங்கியது. மேய்ன் கடற்கரைப் பக்கம் நியூகாசில் என்ற சிற்றூரில் ஓடாமல் கிடந்த ஒரு செங்கல் தொழிற்சாலையை நாலைந்து கலைஞர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே செங்கல் தொழிற்சாலை வந்ததற்குக் காரணம் அந்த மண். பனியுகத்தின் கடைசியில் பனிப்பாறைகளின் கனத்தில் அழுந்திக் கிடந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. பனி உருகி வந்த தண்ணீர் கொண்டுவந்த நுண்ணிய வண்டல் அந்தக் கடலுக்கு அடியில் படிந்தது, பிறகு நிலம் மெல்ல மேலே எழும்பிவிட்டது. அதனால் மேய்னின் ஆற்றுப் படுகைகளில் நீலச் சாம்பல் நிறக் களிமண் தோண்டத் தோண்ட வரும். இரும்புச் சத்து உள்ளதால் சுட்டால் செங்கல் சிவப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரைச் செங்கல்கள் படகேறி பாஸ்டன் வரை போயின.

இன்னொரு பெரிய பெயர் மொன்டானா மாநிலத்தில் ஹெலெனா நகரத்தில் உள்ள ஆர்ச்சி பிரே. அதுவும் செங்கல் சூளையில் பிறந்ததுதான். ஆர்ச்சி பிரே என்ற செங்கல் முதலாளி 1951-இல் தன் தொழிற்சாலை வளாகத்திலேயே ஒரு மண்பாண்டக்கூடம் கட்டினார். பீட்டர் வூல்கோஸ், ரூடி ஆட்டியோ என்று இரண்டு இளைஞர்கள், செங்கல் வேலையும் பார்த்துக்கொண்டு, அதன் முதல் ரெசிடென்ட்களாக இருந்தார்கள், இரண்டு பேருமே பின்னால் அமெரிக்க செராமிக் கலையின் தலைவிதியை மாற்றியவர்கள். பழைய கவிழ்த்த கூடை வடிவச் சூளைகள் இன்றும் அங்கே இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. பிரேயில் கோடைக்கு வருபவர்கள் இரண்டு வாரம் அல்ல, கோடை முழுக்கவே இருப்பார்கள், நீண்டகால ரெசிடென்ட்கள் இரண்டு வருடம் வரை.

சரி, இரண்டு வாரத்தில் என்ன முடியும் என்ற கேள்விக்கு வருவோம். வனைந்ததை உடனே சுட முடியாது. ஈரம் ஒட்டியிருந்தால் சூளைக்குள் நீர் ஆவியாகி வெடிக்கும். சுவர் கனமானால் காய ஒரு வாரம்கூட ஆகும், கடலோர மழைக்காற்று வீசினால் இன்னும் கூட. பிறகு முதல் சூடு. சுமார் 573 டிகிரி செல்சியஸில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும், அந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டினால் விரிசல். அப்புறம் கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, பூசி இரண்டாவது சூடு. செம்மண் பாண்டத்துக்கு 1060 டிகிரி பக்கம் போதும், கல் போல இறுகும் ஸ்டோன்வேர் என்றால் 1200-க்கு மேலே, சிலர் 1300 வரை போவார்கள். ஏற்ற ஒரு நாள், ஆற ஒரு நாள் என்று வைத்தாலும், முதல் எட்டு ஒன்பது நாளுக்குள் செய்ததுதான் முடிந்த பொருளாக வெளியே வரும். அதற்குப் பிறகு வனைவதெல்லாம் சுடாமல் பச்சையாகவே நிற்கும் அல்லது உடைத்து மறுபடி தொட்டியில் போட வேண்டியதுதான்.

அதனால் அனுபவசாலிகள் அங்கே போய் பானை எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. வீட்டில் செய்யத் துணியாததைச் செய்து கெடுத்துப் பார்ப்பார்கள். விறகுச் சூளை ஏற்ற ஆள் சேர்ப்பார்கள், நடுராத்திரி முறை வைத்து விறகு தள்ளுவார்கள். அந்த ராத்திரிகளில் நடக்கும் பேச்சுக்காகவே ரெசிடென்சி போகலாம். வாட்டர்ஷெட்டில் சில அமர்வுகளை ஒரு கலைஞரோ ஒரு குழுவோ ஒரு கருப்பொருளைச் சொல்லி, தங்களுக்கு வேண்டிய மற்றவர்களை அழைத்து நடத்துவார்கள். கூட இருக்கப்போவது யார் என்பதைப் பார்த்து அமர்வைத் தேர்ந்தெடுங்கள், சூளையைப் பார்த்து அல்ல.

கோடையில் அங்கே ஒரு நாள் ஊரே வரும். வருடத்துக்கு ஒரு கலைஞர் ஐந்நூறு தட்டுகள் செய்து வைப்பார், வருகிறவர்கள் சீட்டு வாங்கித் தங்களுக்குப் பிடித்த தட்டை எடுத்து, அதில் சாலட் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். வரும் பணம் அமைப்புக்கு. நம் ஊர்க் கலை அமைப்புகள் யாராவது வாழை இலைக்குப் பதில் இதைச் செய்து பார்த்தால் தேவலை.

கேள்வி (டாலஸ் வாசகர், கொஞ்சம் கோபமாக): மண்ணுக்கு நிறம் கிடையாது. நல்ல பானை செய்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டியதுதானே? தோலைப் பார்த்து உதவித்தொகை கொடுப்பது இன்னொரு வகைப் பாகுபாடு இல்லையா?

மண்ணுக்கு உண்டு சார், செம்மண், வண்டல், வெள்ளைக் களி எல்லாம் உண்டு. விளையாட்டை விடுங்கள், கேள்வி நியாயமானதுதான், நீளமாகவே சொல்கிறேன்.

தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்ட் என்று ஒரு பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பெரிய பெரிய ஸ்டோன்வேர் ஜாடிகள் செய்யும் தொழிற்கூடங்கள் இருந்தன. தோட்டங்களில் உப்புக்கண்டமும் கொழுப்பும் போட்டு வைக்கும் ஜாடிகள். மண் வெட்டியது, மிதித்தது, வனைந்தது, சூளை ஏற்றியது பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். லாபம் முதலாளிக்கு, பெயரும் முதலாளிக்கு. அவர்களில் ஒருவர் டேவ், பின்னால் டேவிட் டிரேக். 1834-இல் அந்த மாநிலம் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைச் சட்டத்தால் தடை செய்தது. அதே காலத்தில் இந்த மனிதர் ஈரப் பானையின் தோளில் குச்சியால் தன் பெயரையும் தேதியையும் கீறினார், சிலவற்றில் ஈரடிக் கவிதைகளும். 1857-இல் ஒரு ஜாடியில் எழுதியதன் சாரம்: என் சொந்தங்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்களோ, எல்லோருக்கும் எல்லா நாட்டவருக்கும் என் நட்பு. குடும்பங்களைப் பிரித்து விற்ற காலம் அது. அவர் செய்த பெரிய ஜாடிகள் நாற்பது காலன், நம் கணக்கில் சுமார் நூற்றைம்பது லிட்டர். அந்த அளவில் மண்ணைச் சுவர் சரியாமல் எழுப்புவது என்ன வேலை என்பது சக்கரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது 1952-க்கு வாருங்கள். இங்கிலாந்துக் குயவர் பெர்னார்ட் லீச், ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடா, ஜப்பானியச் சிந்தனையாளர் சோயெட்சு யானகி மூவரும் அமெரிக்கா முழுக்கச் சுற்றி வந்து, ஹெலெனாவில் ஆர்ச்சி பிரேயிலும் பயிலரங்கு நடத்தினார்கள். பெயர் தெரியாத கிழக்கத்தியக் கைவினைஞனின் எளிமையைப் போற்றும் அந்தச் சிந்தனையை அமெரிக்க ஸ்டூடியோக்கள் வாரி எடுத்துக்கொண்டன. நல்லதுதான், நானும் அந்தக் கோப்பைகளை ரசிப்பவன். ஆனால் தங்கள் நாட்டிலேயே, தடையை மீறித் தன் பெயரைப் பானையில் எழுதி வைத்த ஒருவரை அந்தப் பாடத்தில் சேர்க்க இன்னும் வெகு காலம் ஆனது. எட்ஜ்ஃபீல்டின் கறுப்பினக் குயவர்களை மையமாக வைத்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது 2022-இல். அதற்கு முந்தைய வருடம் டேவின் ஒரு ஜாடி ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் தன்னிடமிருந்த அவருடைய இரண்டு ஜாடிகளின் உரிமையை அவர் வாரிசுகளுக்கு மாற்றிக் கொடுத்தது 2025-இல்தான், அதில் ஒன்றை அவர்களிடமிருந்தே திரும்ப விலைக்கு வாங்கிக்கொண்டது.

நியூ மெக்சிகோவின் சான் இல்டெஃபோன்சோ பூர்வகுடிப் பெண் மரியா மார்ட்டினெஸ் கதை வேறு மாதிரி. அவரும் கணவர் ஜூலியனும் 1919 வாக்கில் கறுப்பின் மேல் கறுப்பு என்ற அந்தப் பளபளக்கும் பாண்டத்தைக் கண்டடைந்தார்கள். எரியும் நெருப்பைக் காய்ந்த சாணத் தூளால் மூடிக் காற்றை அடைத்தால் சிவக்க வேண்டிய மண் கறுத்துப் போகும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு சிவப்பு ஓடுகளின் கறுப்புக்கும் காரணம் இதே காற்றடைப்புதான். மரியாவுக்குப் புகழ் வந்தது, பணமும் வந்தது. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் படித்தவர் செய்தால் கலை, பூர்வகுடிப் பெண் செய்தால் கைவினை என்ற அலமாரிப் பிரிவினை நீண்ட காலம் மாறவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்பீர்கள். 2022-இல் இத்தாலியின் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் தனிக் கண்காட்சி வைத்தவர் சிமோன் லீ, மண்ணில் வேலை செய்பவர். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர், அந்த வருடம் அங்கே தங்கச் சிங்கம் விருதும் வாங்கினார். ஆக, உச்சியில் கதவு திறந்துவிட்டது. நடுவில்தான் சிக்கல். செராமிக் என்பது பணம் தின்னும் கலை. சூளை, மின்சாரம், இடம், மண், உடைந்துபோகும் பாதிச் சரக்கு. பெற்றோரிடம் கார் ஷெட் இருந்தால் ஆரம்பிக்கலாம், இல்லாவிட்டால் கஷ்டம். குடும்பத்தில் மூன்று தலைமுறைச் சேமிப்பு யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது அமெரிக்காவில் தற்செயல் கிடையாது. "நல்ல பானை செய்தவனுக்கு இடம்" என்று சொல்லும்போது, நல்ல பானை செய்யும் வரைக்கும் கெட்ட பானை செய்ய யாருக்கு வசதி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, சொல்லிப் புரியவைக்கக் கடினமானது. ஒரு கூடத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் வேறு நிறம் என்றால் எல்லோரும் அன்பாகத்தான் இருப்பார்கள், ஆனால் நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். பேருக்கு விளக்கம், சாப்பாட்டுக்கு விளக்கம், இந்த வடிவம் ஏதாவது சடங்குக்கானதா என்ற கேள்விக்கு விளக்கம். உங்களைப் போல நாலு பேர் மேசையில் இருந்தால் விளக்கம் நின்று, பானையின் அடிப்பாகம் ஏன் கனக்கிறது என்ற உருப்படியான பேச்சு தொடங்கும். வெள்ளையரல்லாத செராமிக் கலைஞர்களை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைக்கும் கலர் நெட்வொர்க் போன்ற அமைப்புகள் வந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

சட்டப்படி இது நிற்குமா என்று கேட்டால், அது வேறு விஷயம், உங்கள் தரப்புக்கு அங்கே பலம் கூடியிருக்கிறது. அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற நிதி அமைப்பு கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் 20,000 டாலர் மானியம் கொடுத்து வந்தது. ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை, அதாவது விடுதலையடைந்த அடிமைகளைக் காக்க வந்த அதே சட்டத்தை வைத்தே வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மானியத்தை நிறுத்தி வைத்தது, செப்டம்பரில் சமரசத்தோடு அந்தத் திட்டமே முடிந்தது. 2025 மே மாதம் அமெரிக்க மத்திய அரசின் தேசியக் கலை நிதியமும் ஏராளமான அமைப்புகளுக்குக் கொடுத்திருந்த மானியங்களைத் திரும்பப் பெற்றது. இதற்குப் பிறகு பல இடங்களில் அறிவிப்பின் வாசகங்கள் மாறிவருகின்றன, "இவர்களுக்கு மட்டும்" என்பது போய் "வாய்ப்புக் குறைந்த பின்னணியில் இருந்து வருபவர்களை வரவேற்கிறோம்" என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம்தான், உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம். விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்று: பழைய பெயரில் தேடி உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பெயர் மாறி இருக்கலாம், ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி (பாஸ்டன் வாசகி): சைவச் சாப்பாடு கிடைக்குமா? பூச்சிகள்?

கிடைக்கும். வாட்டர்ஷெட்டில் சமையற்காரர் உண்டு, அக்கம்பக்கத்துப் பண்ணைக் காய்கறிகள், சைவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஊறுகாய் பாட்டிலை மட்டும் எடுத்துப் போங்கள், பத்து நாள் கழித்து அதற்காக எல்லோரும் உங்களோடு நட்பாவார்கள்.

பூச்சி விஷயம் விளையாட்டு இல்லை. மேய்னில் மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். புல்லில் நடக்கும்போது பேண்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள், ராத்திரி குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள்.

கேள்வி (சிகாகோ வாசகி): நான் செய்வது வெறும் வெள்ளை போர்சலின் (பீங்கான்) கோப்பைகள். அலங்காரமே கிடையாது. இந்த மாதிரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது கோலம், யானை, அம்மன் என்று ஏதாவது சேர்த்தால்தான் எடுப்பார்களா? தோழி அப்படித்தான் சொல்கிறாள்.

தோழி சொல்வதைக் கேட்காதீர்கள். கோலம் உங்கள் கைக்குத் தானாக வந்தால் போடுங்கள், விண்ணப்பத்துக்காகப் போட்ட கோலம் புகைப்படத்திலேயே தெரிந்துவிடும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் பார்க்கிறவர்கள்.

டோஷிகோ தக்காயெசு ஹவாயில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். வாய் மூடிய உருண்டை வடிவங்களை வாழ்நாள் முழுக்கச் செய்தார், பிரின்ஸ்டனில் இருபது வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தினார். அவர் பானையின் மேல் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. அதற்கு நேர் எதிர் பிலடெல்பியாவின் ராபர்ட்டோ லூகோ, போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர். ஐரோப்பிய அரண்மனைகளில் இருக்கும் மாதிரியான பூஜாடிகளைச் செய்து, அவற்றில் மன்னர் படத்துக்குப் பதில் ஹிப் ஹாப் பாடகர்களையும் தன் குடும்பத்தாரையும் வரைகிறார், சுவர்க் கிறுக்கல் பாணியில். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் செய்தார்கள், யாரும் கேட்ட வேலையை அல்ல. உங்கள் வெள்ளைக் கோப்பை வெள்ளையாகவே இருக்கட்டும்.

விண்ணப்பக் குறிப்பில் நான் அடிக்கடி பார்க்கும் வியாதி, "மண் என்பது பஞ்சபூதங்களில் ஒன்று" என்று தொடங்குவது. அதை வெட்டுங்கள். இப்போது எதில் முட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள்: போர்சலின் விளிம்பு சூட்டில் கோணுகிறது, ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டும், வீட்டு ஸ்டூடியோவில் அந்தச் சூட்டுக்குச் சூளை இல்லை, அதற்காக இந்த இரண்டு வாரம் வேண்டும். இப்படி எழுதினால் படிப்பவருக்கு உங்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது தெரியும். படங்கள் சாம்பல் நிறப் பின்னணியில், ஒரே வெளிச்சத்தில், துணி மடிப்பும் பூச்செடியும் இல்லாமல். அளவைச் சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ மறக்காமல் போடுங்கள், படத்தில் காபிக் கோப்பையும் அண்டாவும் ஒன்று போலத்தான் இருக்கும்.

கேள்வி (மானாமதுரை வாசகர்): அப்பா குயவர், தாத்தாவும். நான் கல்லூரி முடித்துவிட்டு அதே வேலைக்கு வந்திருக்கிறேன். ஆங்கிலம் சுமார். எங்களைப் போன்றவர்களை அங்கே எடுப்பார்களா? விசா கிடைக்குமா?

வெளிநாட்டுக் கலைஞர்களை எடுக்கும் ரெசிடென்சிகள் பல உண்டு. ஆனால் இனப் பின்னணியைப் பார்த்துக் கொடுக்கும் உதவித்தொகை பெரும்பாலும் அமெரிக்காவில் வசிப்பவர்களை மனதில் வைத்தது, நீங்கள் தகுதியா என்பதை முதலில் எழுதிக் கேட்டுவிடுங்கள். விசாவைப் பொறுத்தவரை, அழைப்புக் கடிதம் மட்டும் போதாது. ஊக்கத்தொகை தருகிறார்களா என்பதைப் பொறுத்து விசா வகை மாறும். பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கான ஜே-1 விசா என்றால் அமெரிக்க அரசு அங்கீகரித்த அமைப்பு ஒன்று டி.எஸ்-2019 என்ற தகுதிப் படிவம் கொடுத்தாக வேண்டும், சிறிய ரெசிடென்சிகளால் பல நேரம் அது முடியாது. "எந்த விசாவில் வர வேண்டும், நீங்கள் என்ன ஆவணம் தருவீர்கள்" என்று அவர்களிடமே எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள்.

எடுப்பார்களா என்ற கேள்வியில் ஒரு தயக்கம் தெரிகிறது, அது தேவையில்லாதது. உங்கள் ஊர் கடத்தைத் தட்டித் தட்டிச் சுதி சேர்க்கும் வேலை உலகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? மானாமதுரை மீனாட்சி அம்மாளுக்கு அந்தக் கடம் செய்யும் கலைக்காகத்தான் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. அமெரிக்காவில் சக்கரத்தில் தேர்ந்தவர்கள் ஏராளம், பலகையும் கல்லும் வைத்துத் தட்டிச் சுவரை மெலிப்பவர்கள் ரொம்பக் குறைவு. கைபேசியில் இரண்டு நிமிட வீடியோ எடுங்கள், பேச்சு வேண்டாம், கை மட்டும் தெரியட்டும். ஆங்கிலத்துக்கு யாராவது உதவுவார்கள், அதற்குப் போய் விண்ணப்பத்தையே போடாமல் இருக்காதீர்கள்.

அதற்கு முன் பக்கத்திலேயே ஓர் இடம். புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-இல் தொடங்கியது. இன்றைய இந்திய ஸ்டூடியோ குயவர்களில் பலர் அங்கே பயின்றவர்கள். உயர் சூடு, கிளேஸ் எல்லாம் பழக்கமில்லை என்றால் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் வேலை செய்யும் குயவர்களிடம் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போவது நல்லது, இல்லாவிட்டால் அங்கே இரண்டு வாரமும் சூளையின் பொத்தான்களைப் பழகுவதிலேயே போய்விடும்.

கேள்வி (அதே வாசகர்): எங்கள் கண்மாய் மண்ணை ஒரு பையில் எடுத்துப் போகலாமா?

முடியாது. வெளிநாட்டு மண்ணை அமெரிக்க வேளாண் துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், புழுவும் பூஞ்சையும் கூட வரும் என்ற பயம், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பிலடெல்பியாவில் வேலை செய்த அடெபுன்மி பாடெபோ என்ற கலைஞர் தன் முன்னோர் அடிமைகளாக இருந்து புதைக்கப்பட்ட தென் கரோலினாத் தோட்டத்து மண்ணை எடுத்தே பானைகள் செய்கிறார், ஆனால் அது உள்நாட்டு மண்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. சுட்ட பொருளுக்குத் தடை இல்லை. வீட்டில் உடைந்து கிடக்கும் பானை ஓடுகளை நன்றாகக் கழுவிக் காயவைத்து, முகமூடி போட்டுக்கொண்டு இடித்து, தூளைச் சலித்து மேலே நிற்கும் மணலளவு பருக்கையை மட்டும் எடுங்கள். அதை அங்கே கிடைக்கும் மண்ணில் பத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சேர்த்துப் பிசையலாம், சுவர் சரியாது, விரிசலும் குறையும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: உங்கள் ஓடு குறைந்த சூட்டில் சுட்டது, 1200-க்கு மேலே போனால் உருகிக் கரும்புள்ளியாகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளலாம். முதலில் ஒரு சிறு வில்லையைக் கிண்ணத்தில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பெட்டியில் வைக்கும்போது ஓட்டுத் துண்டாகவே கொண்டுபோங்கள், தூளாக வேண்டாம், சுங்க அதிகாரிக்கு முன்னால் சிவப்புப் பொடியை விளக்கிக்கொண்டிருக்க நேரம் ஆகும். இடிப்பதை அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள்.